கல்லும் கண்ணாடியும் தகடும்

குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. குளித்தோம், தலையிலிருந்த எண்ணெய் போயிற்று, பசி எடுத்தது, இட்லிக் கடையைத் தேடினோம் என்று திரும்பிவிடுகிறோம். அந்தத் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேருகிறது. அந்தக் கடல்தான் மன்னார் வளைகுடா. இரண்டாயிரம் ஆண்டுகளாக முத்துக்கும் சங்குக்கும் பெயர்போன கடல். 1986 வரை குற்றாலமும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே முத்துக்குளிப்பைப் பற்றி எழுதினால் அதுவும் நம்மூர்க் கதைதான்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் மேலகரத்து நண்பர் ஒருவர். அவருடைய பேத்தி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். புதுச்சேரியில் கடலுக்கடியில் நீந்தும் பயிற்சிக்குப் போகப் போகிறாளாம். முகத்தில் மாட்டும் கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் வாங்க வேண்டும். ஒன்று சில நூறு ரூபாய், இன்னொன்று பல ஆயிரம். "நீங்கதான் தூத்துக்குடியில இருபத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினீங்களே, எதை வாங்கச் சொல்லலாம்?" என்று கேட்டார். நான் அங்கே குப்பை கொட்டியது மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பதிவேடுகளில்தான், கடலில் அல்ல. ஆனாலும் கேள்வி பிடித்திருந்தது. பிறந்து படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். வேலை பார்த்தது தூத்துக்குடியில். இந்த இரண்டு ஊரும் சேர்ந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்பதை யோசிக்க யோசிக்கத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன். முத்துக்குளிக்கும் ஆளிடம் கண்ணாடியும் கிடையாது, துடுப்பும் கிடையாது. அவனிடம் இருந்தது ஒரு கல். பதினைந்து இருபது கிலோ எடை, மேலே கயிறு, கால் வைக்க ஒரு வளையம். இடுப்பிலோ கழுத்திலோ சிப்பி போட வலைப்பை. வளையத்தில் காலை வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வான். கயிறு விடப்படும். கல் அவனை இழுத்துக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்குப் போய்விடும். ஒரு பாகம் ஆறடி என்பது நம் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. அடியில் கால் பட்டதும் கல்லை விட்டுவிடுவான். படகில் இருப்பவன் கல்லை மேலே இழுத்துக்கொள்வான். இவன் தரையோடு தரையாகத் தடவிச் சிப்பிகளைப் பையில் வாரிப் போடுவான். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றே கால் நிமிடம். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுத்துவிடுவான். அந்தக் கயிறு பிடிப்பவன் கையில்தான் கீழே இருப்பவன் உயிர்.

சுறாவுக்குப் பயம் உண்டு. அதற்குக் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிடுவார் என்பது நம்பிக்கை. அவர் வராவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆங்கிலேய அதிகாரிகளும் இதை மூடநம்பிக்கை என்று எழுதி வைத்துவிட்டு, அவரை ஒதுக்காமல் வேலையைப் பார்த்தார்கள். நல்ல நிர்வாகிகள்.

நான் இதையெல்லாம் முதலில் படித்தது தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பள்ளியில் ழூல் வெர்ன் எழுதிய கடலடிப் பயண நாவல் ஒன்று எல்லோரிடமும் கைமாறும். 1870இல் வெளிவந்தது. நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நெமோ, நம் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறான். முத்துப் படுகையில் ஏழைக் குளியாள் ஒருவன் காலிடுக்கில் கல்லை வைத்துக்கொண்டு இறங்குவதை நெமோவும் கூட்டாளிகளும் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். சுறா வருகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறான். கடைசியில் அந்த ஏழையின் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்த நெமோ உண்மையில் ஓர் இந்திய இளவரசன் என்று வெர்ன் இன்னொரு நாவலில் சொல்வார். காரைக்கால் வகுப்பறையில் உட்கார்ந்து நம் பக்கத்துக் கடலைப் பற்றிப் பாரீஸ்காரர் எழுதியதைப் பிரெஞ்சில் படித்தது எனக்கு அப்போது விசித்திரமாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. பிசே என்ற இசைமேதை 1863இல் முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஓர் இசை நாடகமே போட்டார். கதை நடக்கும் இடம் இலங்கை. முதலில் மெக்சிகோவை வைத்துத்தான் எழுதத் தொடங்கினார்களாம், பிறகு இலங்கைக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு நம் கடலோடு இருந்த உறவு.

வெர்ன் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நெமோவின் ஆட்கள் நீந்துவதில்லை. ஈயம் வைத்த கனமான காலணியோடு கடல் தரையில் நடக்கிறார்கள். ரூக்கேரோல், தெனேரூஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1860களில் உண்மையாகவே கண்டுபிடித்திருந்த காற்றுக் கருவியைத்தான் வெர்ன் கொஞ்சம் மெருகேற்றிக் கதையில் வைத்தார். மனிதன் தண்ணீருக்கடியில் போனால் அங்கேயும் நடக்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. காலில் ஒரு பலகையைக் கட்டி மீன்போலப் போகலாம் என்று நினைத்தவர்கள் மிகச் சிலர். அதில் ஒருவர் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். சிறுவயதில் ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் தட்டுபோல இரண்டு மரப்பலகை செய்து கையில் மாட்டி நீந்தினாராம். காலிலும் ஒரு வகைச் செருப்புக் கட்டிப் பார்த்தார், அது திருப்தியாக இல்லை என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டு முத்துக்குளித்தவர்களுக்கு ஏன் ஒரு கண்ணாடி தோன்றவில்லை? இந்தக் கேள்வியைப் படித்தவர்கள் சிலர் கொஞ்சம் ஏளனமாகக் கேட்பதுண்டு. முதலில், யாருக்குமே தோன்றவில்லை என்பது சரியல்ல. பதினான்காம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இப்னு பதூதா, நம் மதுரைக்கும் வந்தவர், பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பவர்கள் ஆமை ஓட்டில் செய்த ஒன்றை முகத்துக்கும், அதே ஓட்டில் கிடுக்கிபோலச் செய்த ஒன்றை மூக்குக்கும் மாட்டிக்கொண்டு இறங்குவதாக எழுதியிருக்கிறார். அரபு ஆட்கள் பின்னாளிலும் கொம்பால் செய்த மூக்குக் கிடுக்கியைப் போட்டுக்கொண்டார்கள். நம் ஆட்கள் விரலால் பொத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது, தேவை இல்லை. இது என் சொந்தக் கணிப்பு. ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம். முத்துச்சிப்பி 'பார்' என்று சொல்லப்படும் பாறைத் தரையில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தூத்துக்குடிக்கு எதிரே 'தொள்ளாயிரம் பார்' என்ற பெயரே அந்தச் செழிப்பைச் சொல்லும். கல் நேராக இறக்கிவிடுகிறது. கயிறு நேராகத் தூக்கிவிடுகிறது. இடையில் இருக்கும் ஐம்பது விநாடியில் கைக்கு எட்டியதை வாரினால் போதும். நீந்தித் தேடத் தேவையில்லை, ஆகவே துடுப்பு வேண்டாம். கூர்ந்து பார்க்கத் தேவையில்லை, ஆகவே கண்ணாடி வேண்டாம். 1905இல் இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். ஒரு கண்ணாடிகூட இல்லாமல்.

சங்கு அப்படி அல்ல. அது தனியாக, மணலில் பாதி புதைந்து, இங்கொன்று அங்கொன்றாகக் கிடக்கும். தேடவேண்டும். தேடக் கண் வேண்டும், அலையக் கால் வேண்டும். ஆகவேதான் கண்ணாடியும் துடுப்பும் நம் கடலுக்கு வந்தபோது முத்தின் வழியாக வேரூன்றாமல் சங்கின் வழியாக வேரூன்றின.

இனிப் பிரெஞ்சுக்காரர்கள். கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியு 1914இல் காலில் மாட்டும் துடுப்பின் முதல் மாதிரியைச் சக அதிகாரிகளுக்குக் காட்டினார். பிறகு போர் வந்தது. 1924இல் கடற்படை வேலையை விட்டுவிட்டு இதிலேயே உட்கார்ந்தார். காப்புரிமை பதிவானது 1933 ஏப்ரலில். நீந்துவதற்கும் உயிர் காப்பதற்குமான உந்திகள் என்று பொருள்படும் நீண்ட பெயர் வைத்தார், அரசாங்க ஊழியர் வைக்கும் பெயர் அப்படித்தான் இருக்கும். ஜனங்கள் அதைச் சுருக்கி 'பால்ம்' என்றார்கள். வாத்தின் சவ்வுக்காலுக்குப் பிரெஞ்சில் சொல்வதும் அந்தச் சொல்லை ஒட்டித்தான், பனையோலைக்கும் அதே சொல்தான். வேலையை விட்ட நாளுக்கும் காப்புரிமைக்கும் இடையே ஒன்பது வருடம். ஓய்வூதியம் வாங்குகிற நமக்கு அந்த ஒன்பது வருடத்தின் கனம் தெரியும். அமெரிக்காவில் அதைச் செய்து விற்கும் உரிமையை வாங்கியவர் ஓவன் சர்ச்சில். பிரிட்டிஷ் பிரதமர் அல்ல, 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தவளை மனிதர்கள் காலில் இருந்தது அதுதான்.

கண்ணாடியின் கதை இதைவிடச் சுவையானது, ஏனென்றால் அதில் மூக்கு வருகிறது.

முதலில் வந்தது கண்ணை மட்டும் மூடும் கண்ணாடி. 1920 வாக்கில் மோரிஸ் ஃபெர்னே என்பவர் செய்தது பேர்பெற்றது. 1936இல் துலோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தாயியே என்ற நண்பர் கொடுத்த ஃபெர்னே கண்ணாடியை மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்ட நாளில்தான் ழாக்-ஈவ் கூஸ்தோ என்ற இளம் கடற்படை அதிகாரியின் வாழ்க்கை திசை மாறியது. ஆனால் அந்தக் கண்ணாடியில் ஒரு கோளாறு. தண்ணீருக்கடியில் பத்து மீட்டர் போனால் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று பத்து மீட்டரிலேயே பாதியாகச் சுருங்கப் பார்க்கும். சுருங்க முடியாத கட்டியான சட்டம் என்றால், உள்ளே கண்ணையே உறிஞ்சும். கண்ணின் வெள்ளை ரத்தச் சிவப்பாகிவிடும். இதைச் சரிசெய்ய உள்ளே கொஞ்சம் காற்று விட வேண்டும். உடம்பில் காற்று வெளியே வரும் வழி வாயும் மூக்கும்தானே. ஆகவே மூக்கையும் சேர்த்து மூடும்படி ஒரே கண்ணாடியாகச் செய்ய வேண்டும். 1938இல் மாக்சிம் ஃபோர்ஜோ என்ற பிரெஞ்சுக்காரர் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆழம் போகப் போக மூக்கால் மெல்ல ஊதினால் போதும், கண் தப்பித்தது.

கண் தப்பித்ததும் காது மாட்டிக்கொண்டது. செவிப்பறைக்கு உள்பக்கமும் காற்று ஏற்ற வேண்டும். அதற்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். பேருந்தில் கொடைக்கானல் மலையேறி இறங்கும்போது காது அடைத்தால் நாம் செய்வோமே, அதேதான். கண்ணாடி மூக்கை மூடிவிட்டதால் விரல் மூக்குக்கு எட்டவில்லை. 1952இல் இத்தாலியின் க்ரெஸ்ஸி நிறுவனம் மூக்குக்கென்று தனியாக ஒரு ரப்பர் பை புடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தது. பொய் சொன்னால் மூக்கு நீளுமே, அந்தப் பொம்மைப் பையன் 'பினோக்கியோ'வின் பெயரையே வைத்தார்கள். வெளியிலிருந்து இரண்டு விரலால் மூக்கைப் பொத்தலாம்.

நம் குளியாள் கல்லில் கால் வைத்ததும் விரலால் மூக்கைப் பொத்தினான் என்று மேலே எழுதினேன் அல்லவா? தண்ணீர் ஏறாமல் இருக்க மட்டும் அல்ல அது. ஐரோப்பாவில் ரப்பர்ப் பை செய்து தீர்த்த காதுப் பிரச்சினையை அவன் வெறும் இரண்டு விரலால் தீர்த்துக்கொண்டிருந்தான். முழுவதும் தீர்த்தான் என்று சொல்ல மாட்டேன். மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவதும், வயதானால் காது மந்தமாவதும் அந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். திரேஸ்புரத்தில் பெரியவர்களிடம் பேசும்போது நாம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருக்கும்.

கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் 1943இல் முதுகில் கட்டும் காற்றுருளைக் கருவியைச் செய்து முடித்தார்கள். 1956இல் கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த கடலடிப் படம் கான் விழாவில் தங்கப் பனையோலைப் பரிசு வாங்கியது. காலில் 'பால்ம்' மாட்டியவருக்கு 'பால்ம்' பரிசு. எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இந்தச் சிலேடையை ஒவ்வொரு வருடமும் சொல்வார், ஒவ்வொரு வருடமும் அவரே சிரிப்பார். அதே 1956இல்தான் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து, திருகோணமலைக் கடலடியில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைப் பார்த்தார்கள்.

இதே காலத்தில் தூத்துக்குடியில் என்ன நடந்தது? 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. கல்லும் கயிறும்தான். அதன் நடுவில் ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண் அமைப்பின் நிபுணராக இத்தாலியரான பாஸ்கியேரி சல்வதோரி வந்து மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அறிக்கை வெளிவந்தது 1960இல். 1961க்குப் பிறகு இந்தியப் பக்கம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. படுகைகளில் சிப்பி இல்லை. இரண்டாயிரம் ஆண்டுத் தொழில், கண்ணாடி கைக்கு எட்டிய நேரத்தில் நின்றுபோயிற்று. 1973 ஜூலையில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி சிப்பியை வளர்த்து அதற்குள் உருண்டை முத்தை விளையவைத்தார். ஆனால் அது ஆய்வுக்கூடத்தின் வேலை, குளியாளின் வேலை அல்ல.

சங்கு நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்களுக்குக் கல்யாணத்துக்குச் சங்கு வளையல் வேண்டும். அந்தச் சங்கு பெரும்பாலும் நம் கடலிலிருந்துதான் போயிற்று. நான் 1970களின் நடுவில் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்தபோது, சாயங்காலங்களில் திரேஸ்புரம் கரைவரை நடப்பேன். சங்குகுளிப்பவர்கள் கரையேறும் நேரம். அங்கேதான் கோர்லியுவின் கண்டுபிடிப்பை நம்மூர்ச் சட்டையில் பார்த்தேன். அலுமினியத் தகட்டை அரச இலைபோல வெட்டி, விளிம்பைத் தட்டி மழுக்கி, நடுவில் செருப்புவார்போல ரப்பர்ப் பட்டையைப் பூட்டியிருந்தார்கள். முகத்துக்கு வட்டக் கண்ணாடி, சுற்றிலும் கறுப்பு ரப்பர். வெளிநாட்டுத் துடுப்பு அப்போது அவர்கள் வருட வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும். தகடு, ஒரு பாத்திரக்காரர் ஒரு மணி நேரத்தில் செய்துகொடுத்துவிடுவார்.

வயதானவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எங்க அய்யா காலத்துல கைதான் சார் கண்ணு. கண்ணாடி வந்த பெறவுதான் கடலுக்குள்ள என்ன கெடக்குன்னே பாத்தோம்." தகடு காலை அறுக்காதா என்று கேட்டேன். காலை நீட்டிக் காட்டினார். குதிகாலுக்கு மேலே இரண்டு பக்கமும் காப்புக் காய்த்து, வெள்ளைத் தழும்பு வளையம்போல ஓடியது. "அறுக்கும். ஆனா கல்லு வேண்டாம்ல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கல் வேண்டாம் என்றால் கயிறு வேண்டாம். கயிறு வேண்டாம் என்றால் மேலே கயிறு பிடிக்கிற ஆள் வேண்டாம், அவனுக்குப் பங்கும் வேண்டாம். ஒரு படகில் இறங்குகிற எல்லோரும் தாங்களே போய்த் தாங்களே வரலாம். லாபம் கூடியது. ஆனால் கீழே மயங்கினால் இழுக்க ஆள் இல்லை. காலில் ஒரு தகடு ஏறியதற்குப் பின்னால் இத்தனை கணக்கு.

இன்னொரு வேடிக்கை. தட்டைக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் பொருள் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கால் பங்கு கிட்டத்தில் இருப்பதாகவும் தோன்றும். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் இப்படி. சிறிய சங்கை எடுக்கக்கூடாது என்று அரசாங்க விதி இருந்தது. அளவு வளையத்தில் நுழைந்துவிடும் சங்கைக் கடலில் திரும்பப் போட வேண்டும். கீழே பெரிதாகத் தெரிந்த சங்கு, மேலே வந்ததும் சுருங்கி வளையத்துக்குள் நுழைந்துவிடும். புதுக் குளியாட்களைப் பழையவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

பிற்பாடு சிலிண்டர் வந்தது, படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்பும் கம்ப்ரசரும் வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டும். மூச்சடக்கிப் போகிறவன் கொண்டுபோவது ஒரு நெஞ்சு நிறையக் காற்றுதான். சிலிண்டரோடு போகிறவன் அழுத்தமான காற்றை நெடுநேரம் சுவாசிக்கிறான். அந்தக் காற்றின் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் சோடாப் புட்டியைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டில் நின்றால் வலி, தண்டுவடத்தில் நின்றால் கால் விளங்காது. போல் பேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். நூறு வருடம் கழித்தும், சங்குக்குப் போகிற நம் பையன்களிடம் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கருவி வந்த வேகத்தில் பாடம் வரவில்லை. எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், மேலே வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்ற அட்டவணை இல்லாமல் சிலிண்டரை மட்டும் கட்டிவிட்டால், அது பழைய கல்லைவிட ஆபத்தானது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முப்பது வயதுக்காரரை நான் பார்த்திருக்கிறேன்.

மேலகரத்து நண்பரின் பேத்திக்கு இந்த வரலாறே பதில் சொல்லிவிடுகிறது. நீச்சல்குளத்தில் போடும் சின்னக் கண்ணாடி மூக்கை மூடாது. அதை மாட்டி ஆழம் போகக்கூடாது, ஃபெர்னே காலத்துக் கோளாறு அப்படியே திரும்பும். மூக்குப்பை உள்ளதாக, விரலால் பிடிக்க வருகிறதாகப் பார்க்க வேண்டும். கண்ணாடி உடைந்தாலும் சில்லாகச் சிதறாத கெட்டிக் கண்ணாடியாக இருக்க வேண்டும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுத்தால், கீழே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அது வேறு யாரோ ஒருவரின் முகத்துக்குச் செய்தது, விலை எவ்வளவானாலும் சரி. மூச்சடக்கிப் போகிறவர்கள் உள்ளே இடம் குறைவான, முகத்தோடு ஒட்டிய கண்ணாடியை எடுப்பார்கள். அதை நிரப்பும் காற்றும் தங்கள் நெஞ்சிலிருந்துதானே போக வேண்டும், ஒரு வாய்க் காற்றுகூட அவர்களுக்குக் கணக்கு. சிலிண்டரோடு போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை, அகலமாகப் பார்க்க முடிந்தால் நல்லது. நம்மைப்போல மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பவர் வைத்த கண்ணாடியே பதித்துத் தருகிறார்கள்.

துடுப்பிலும் அப்படித்தான். மூச்சடக்கிப் போகிறவர் காலில் இருப்பது மிக நீளமானது, நெகிழ்வானது. மெதுவான உதையில் தூரம் போக வேண்டும், வேகமாக உதைத்தால் தசை பிராணவாயுவைத் தின்றுவிடும். ழாக் மயோல் என்ற பிரெஞ்சுக்காரர் 1976இல் எல்பா தீவுக்கடலில் மூச்சடக்கி 100 மீட்டர் போனபோது, இறங்க அவர் பயன்படுத்தியது சறுக்கும் எடை. நம் கல்லேதான், கொஞ்சம் நாகரிகமாக. சிலிண்டர்காரருக்குக் குட்டையான, விறைப்பான துடுப்பு, கனத்தைத் தள்ள வேண்டுமே. குதிகால் திறந்து வார் போட்டது வேண்டுமானால் உள்ளே ஒரு காலணி போட வேண்டும், குதிகாலை மூடியது வெறுங்காலுக்கு. எதுவானாலும் கால் விரல் மரத்துப்போகாமல், குதிகால் நழுவாமல் இருக்க வேண்டும். திரேஸ்புரத்துப் பெரியவர் குதிகாலில் பார்த்த அந்த வெள்ளை வளையத்தை நினைத்துக்கொண்டு வாங்கச் சொன்னேன்.

இதில் எதுவுமே கிடைக்காதவர்கள் இன்னும் நம் கடலில் இருக்கிறார்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள். அகர் தயாரிக்க அந்தப் பாசி வேண்டும். சேலைக்கு மேலே சட்டை, கண்ணில் கண்ணாடி, பாறை கீறாமல் கைவிரல்களுக்குத் துணிச்சுற்று, காலுக்கு ரப்பர்ச் செருப்பு, இடுப்பில் பை. மூச்சடக்கி இறங்குகிறார்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறையாகப் போன இடங்களே தடைப்பட்ட இடங்களாகிவிட்டன. அந்தப் பெண்களின் தலைவியாக நின்ற சின்னப்பாலம் லெட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. பாசி அழியாமல் இருக்க அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் கடலுக்கே போகாதிருப்பது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது.